சீஸின் தோல்: சாப்பிடுவதா, சீவுவதா, பானைக்குள் போடுவதா?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியின் குசினியில் வேலை செய்கிறேன். சித்திரை பிறந்து கடல் அடங்கினால் எங்களுக்குப் பருவம் தொடங்கிவிடும். புரட்டாதி வரைக்கும் காலைச் சாப்பாட்டு மேசை வெறுமையாக இருக்காது. இடியப்பம், சொதி, சம்பல், பாண், முட்டை, பழம், அதோடு ஒரு சின்னப் பலகையில் மூன்று நான்கு வகைச் சீஸ். சாப்பிட்டு முடிந்து பீங்கான்கள் உள்ளே வரும்போது நான் முதலில் பார்ப்பது சீஸ் பலகையைத்தான். பிரான்ஸ்காரர் இருந்த மேசையில் கமம்பேர் என்ற மென்சீஸின் வெள்ளைத் தோல் ஒரு துணுக்கும் மிஞ்சாது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் நம்மவர் மேசையிலோ, உள்ளே இருந்தது வழித்தெடுக்கப்பட்டுத் தோல் மட்டும் வளையம் வளையமாகக் கிடக்கும். சிலர் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "தங்கச்சி, இந்த வெள்ளைத் தோலைச் சாப்பிடுறதோ, உரிச்சுப் போடுறதோ?"

முன்பெல்லாம் "விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பதிலே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. சில தோல்களை எறிவது அநியாயம். சில தோல்களை வாயில் வைத்தால் மெழுகைத்தான் மெல்ல வேண்டும். சிலருக்கோ எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் கொடுக்கவே கூடாது.

நம்மவர் தயங்குவதில் பிழையும் இல்லை. எங்கள் தலைமுறைக்குச் சீஸ் என்றால் வெள்ளித்தாளில் சுற்றிய முக்கோணத் துண்டு, அல்லது தகரப்பேணிக்குள் இருந்த மஞ்சள் கட்டி. இரண்டுக்கும் தோலே கிடையாது. சீஸை உருக்கி, உப்பு வகைகள் சேர்த்து, அச்சில் வார்த்துப் பொதி செய்தவை அவை. தோல் வளர அங்கே நேரமும் இல்லை, காற்றும் இல்லை. அதைச் சாப்பிட்டு வளர்ந்த கைக்கு வெள்ளைப் பஞ்சு போர்த்திய ஒரு கட்டியைத் திடீரென்று கொடுத்தால், பூஞ்சணம் பிடித்துவிட்டது என்றுதானே நினைக்கும்?

இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது எங்கள் ஊர்த் தயிர்தான். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்தால் மேலே தடித்த ஆடை இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆடைக்குச் சண்டை நடக்கும். அதே ஆடையில் நாலு நாள் கழித்து ஒரு பச்சைப் பொட்டு விழுந்தால் சட்டியோடு கொட்டுவோம். ஒன்று தயிரிலிருந்து வந்தது, மற்றது வெளியிலிருந்து வந்து குந்தியது. சீஸ் விசயத்திலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் தோல் எப்படி வந்தது? வளர்ந்ததா, காய்ந்ததா, யாராவது பூசியதா? வளர்ந்த தோலைப் பெரும்பாலும் சாப்பிடலாம். காய்ந்ததைச் சமையலுக்கு எடுக்கலாம். பூசியதை உரித்துப் போடவேண்டும்.

வளர்ந்த தோலில் எல்லாருக்கும் முதலில் கைக்கு எட்டுவது வெள்ளைத் தோல். பிரீ, கமம்பேர் இரண்டும் இந்த வகை. இதைப் பற்றி நான் படித்தது எங்கள் வீட்டுக் குசினியில்தான். இரண்டு வருசத்துக்கு முந்தி ஆடி மாதம் பாரிஸிலிருந்து அக்கா வந்தபோது, வட்ட மரப்பெட்டியில் ஒரு கமம்பேர் கொண்டுவந்தார். பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானம், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து இரவிரவாக வானில் திருகோணமலை. பத்திரிகைத்தாளுக்கு மேல் பத்திரிகைத்தாளாகச் சுற்றித்தான் இருந்தது. ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி. அம்மா எட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். நாங்கள் ஓடிப்போவதற்குள், விளைமீனுக்குச் செதில் சுரண்டும் கத்தியால் வெள்ளையை வழித்துவிட்டார். உள்ளே இருந்தது அம்மாவின் விரல் இடுக்குகளால் வழிந்து தண்ணீரோடு போனது. அக்கா பேசாமல் நின்றார். அம்மா கையைப் பார்த்துக்கொண்டு, "இதுக்குள்ள கட்டியா ஒண்டுமே இல்லையே" என்றார்.

உள்ளே கட்டியாக ஒன்றும் இல்லாததற்குக் காரணமே அந்தத் தோல்தான். கமம்பேர் செய்த புதிதில் உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, இறுக்கமாக, புளிப்பாக இருக்கும். அதன் மேல் 'பெனிசீலியம் கமம்பேட்டி' என்ற பங்கசை விதைப்பார்கள். கூடவே 'ஜியோட்ரிக்கம்' என்ற இன்னொன்றும் வளரும். மேலே வளரும் பங்கசு முதலில் புளிப்பைத் தின்னும். புளிப்புக் குறையக் குறையச் சுண்ணாம்புச்சத்து உள்ளேயிருந்து தோலை நோக்கி நகரும், புரதம் உடையும், தோலுக்கு நேர் கீழே இளகத் தொடங்கும். வெட்டிப் பார்த்தால் தெரியும்: தோலோரம் தேன் மாதிரி, நடுவில் இன்னும் ஒரு கோடு வெள்ளை. வெளியிலிருந்து உள்ளே பழுக்கும் பண்டம் அது. ஏறத்தாழ மூன்று வாரம் அந்தத் தோல் வேலை செய்து பழுக்க வைத்ததைத்தான் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தோலைக் குப்பையில் போடுகிறோம்.

வாயில் எப்படி இருக்கும்? தோல் மட்டும் தனியே தின்றால் மெல்லிய கடதாசியைக் கடித்த மாதிரி, கொஞ்சம் கைப்பும் இருக்கும். உள்ளதை மட்டும் தின்றால் பட்டரும் உப்பும். சேர்த்துத் தின்றால் காளான் வாசம் வரும். காளானுக்கு வாசம் கொடுக்கும் அதே சேர்மத்தை இந்தப் பங்கசும் உண்டாக்குகிறது. அந்த வாசத்துக்காகவே தோலோடு சாப்பிடவேண்டும் என்பது என் முடிவு. ஒரு சின்ன உபாயம்: கட்டியின் ஒரு பக்கத்தில் சுரண்டத் தொடங்காமல், கேக் வெட்டுவது போல நடுவிலிருந்து விளிம்புக்கு ஆப்பு வடிவில் வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு துண்டிலும் தோல் அளவோடு வரும், ஒருவருக்கும் வெறும் தோல் மிஞ்சாது. விடுதியில் இப்படி வெட்டி வைக்கத் தொடங்கிய பிறகு நம்மவர் மேசையிலிருந்து திரும்பி வரும் தோல் நன்றாகக் குறைந்துவிட்டது.

சீவவேண்டிய நேரமும் உண்டு. பழுத்து முற்றிய கமம்பேரில் அமோனியா நெடி அடிக்கும். பங்கசு புரதத்தை உடைப்பதால் வருவது அது. கடதாசியைப் பிரித்துச் சற்று நேரம் காற்றாட விட்டால் இலேசான நெடி போய்விடும். போகவில்லை, தோலும் மண்ணிறமாகி ஒட்டத் தொடங்கிவிட்டது என்றால் தோல் கைக்கும், சீவினாலும் உள்ளேயும் அந்த நெடி ஏறியிருக்கும். அதை எறிந்துவிடுவதுதான் சரி. அக்கா கொண்டுவந்த கட்டி அந்த எல்லையில்தான் இருந்தது. அம்மா சுரண்டாவிட்டாலும் அதை நான் மேசையில் வைத்திருக்க மாட்டேன்.

பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் பெனிசீலியம் என்ற பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். 1928ல் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பங்கசும் இதுவும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு இனம். ஆனாலும் கடுமையான ஒவ்வாமை வந்தவர் வைத்தியரிடம் கேட்காமல் தொடவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஒரு துண்டு சீஸுக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கத் தேவையில்லை. ஆட்டுப்பால் சீஸ் சிலவற்றில் வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம் இருக்கும். வலான்சே அப்படிப்பட்டது. அது மரக்கரித்தூள், பயமில்லாமல் சாப்பிடலாம்.

அடுத்தது செம்மஞ்சள் தோல். முன்ஸ்டர், லிம்பேகர், தலெஜியோ எல்லாம் இந்த வகை. பழுக்க வைக்கும் நாள்களில் இவற்றை உப்புத்தண்ணீரால் திரும்பத் திரும்பத் துடைப்பார்கள். மற்றப் பங்கசுகள் அந்த உப்பில் தங்காது. 'பிரெவிபற்றீரியம் லினென்ஸ்' என்ற பற்றீரியா செழிக்கும். அதன் நெருங்கிய உறவுதான் மனிதர் காலில் இருந்து மணத்தை உண்டாக்குவது. மலேரியா பரப்பும் ஆபிரிக்க நுளம்பு ஒன்று மனிதக் காலுக்கு வருவதுபோல லிம்பேகர் சீஸுக்கும் வருகிறது என்று காட்டிய ஆய்வுக்கு 2006ல் இக்நோபல் பரிசே கிடைத்தது.

மணத்தை வைத்து இதைத் தள்ளிவிடாதீர்கள் என்று கருவாடு சாப்பிடும் ஊரில் நான் சொல்லத் தேவையில்லை. சீலாக் கருவாடு பொரியும்போது யன்னலைச் சாத்துகிறவர்தான் சோற்றோடு அதை வைத்தால் இரண்டாம் தரமும் கேட்பார். செம்மஞ்சள் தோலும் அப்படி: வெளியே மணம் பெரிது, உள்ளே சாதுவான சுவை. தோலில் உப்பு அதிகம், சிலவேளை மணல் மாதிரி நறநறக்கும். நான் முதல் துண்டைத் தோலோடு சாப்பிடுவேன், மீதியில் தோலைப் பாதியாகச் சீவிவிடுவேன். பிரஷர் உள்ளவர்கள் முழுதாகவே சீவுவது நல்லது. இந்த வகையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எப்புவாஸ் என்ற பிரான்ஸ் சீஸின் தோலைத் திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம் கலந்த தண்ணீரால் கழுவுவார்கள். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ முஸ்லிம் விருந்தினர் வந்தால் நான் அதைப் பலகையிலேயே வைப்பதில்லை. தோலைச் சீவிக் கொடுத்தால் போதும் என்று நாங்களாகத் தீர்மானிக்க முடியாது. பழுக்கும் காலம் முழுக்க அந்தத் தண்ணீரால் துடைத்த பண்டம் அது.

இனிக் காய்ந்த தோல். இதில்தான் நம்மவர் அதிகம் இழக்கிறார்கள்.

பார்மிஜானோ ரெஜானோ, நாங்கள் பார்மசான் என்று சொல்வது, ஒரு வட்டம் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். அதற்கு 550 லீற்றர் அளவு பால் போகிறது. உப்புத்தண்ணீரில் சில வாரம் ஊறவைத்து, குறைந்தது 12 மாதம் தட்டில் வைத்து முதிர விடுவார்கள். அந்தக் காலத்தில் வெளிப்புறம் காய்ந்து இறுகி, ஒரு மரப்பட்டை மாதிரி ஆகிவிடுகிறது. மேலே ஒன்றும் பூசுவதில்லை. புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்திருக்கும் அந்தத் தோல் முழுக்க முழுக்கச் சீஸ்தான், தண்ணீர் போன சீஸ். ஆனால் பெயரைச் சரியாகப் பாருங்கள். வேறு நாடுகளில் பார்மசான் என்ற பெயரில் செய்யும் சில கட்டிகளுக்கு மெழுகு பூசுவார்கள். புள்ளி எழுத்து இருக்கும் தோலைத்தான் நான் எடுத்துவைப்பேன்.

அதை என்ன செய்வது? நாலு விதமாகவும் செய்து பார்த்தேன். கடித்துப் பார்த்தேன், தாடைதான் நொந்தது. துருவியில் துருவினேன். தோலுக்குக் கிட்டப் போகுமட்டும் துருவலாம், அதற்குப் பிறகு துருவியும் கையும் பழுதாகும். சின்னச் சதுரமாக வெட்டி மைக்ரோவேவில் வைத்தேன். அரை நிமிசத்தில் அரிசிப் பொரி மாதிரிப் பொங்கி மொறுமொறுப்பாக வந்தது. பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள், ஆனால் உப்பு அதிகம், ஆளுக்கு இரண்டு மூன்றுதான் கொடுக்கலாம். நாலாவதாகப் பானையில் போட்டேன். இப்போது எனக்கு வேறு வழி எதுவும் தேவையில்லை.

செய்த விதத்தைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு தோல் ஒன்று. வெளிப்புறத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டித் தண்ணீரில் தேய்த்துக் கழுவவேண்டும், ஒரு வருசம் தட்டில் இருந்த தூசி அது. பானையில் கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு, ஒரு பிடி மைசூர்ப் பருப்பு, இரண்டு பல்லு உள்ளி. தண்ணீர் விட்டுக் கொதி வந்ததும் தோலைப் போட்டு நெருப்பைக் குறைக்கவேண்டும். உப்புப் போடக் கூடாது. முக்கால் மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தேன். தோல் இளகி, நீரில் ஊறிய சவ்வு மாதிரிப் பளபளத்தது. அகப்பையால் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது. இடையிடையே கிளறாவிட்டால் அது அடியில் ஒட்டிக்கொள்ளும், ஒரு தரம் அப்படிப் பானை கருகியும் இருக்கிறது. தோலை எடுத்துப் போட்டுவிட்டுச் சூப்பை ருசி பார்த்தேன். சீஸ் சுவை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சம்பலில் மாசி போட்டதற்கும் போடாததற்கும் ஒரு வித்தியாசம் இருக்குமே, அந்த வித்தியாசம் இருந்தது. சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து குளுட்டமேற் நிறைய வெளிவருகிறது. நாக்குக்கு அந்த ஆழத்தைத் தருவது அதுதான். அதற்குப் பிறகுதான் உப்பு, அதுவும் வழமையில் பாதி.

தேங்காய்ப்பால் சொதிக்குள் போட்டும் பார்த்தேன். சரிவரவில்லை. தேங்காய்ப்பாலின் இனிப்பை அது அமுக்கிவிடுகிறது, பிறகு தேசிக்காய் பிழிந்தால் இரண்டு சுவையும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சொதி சொதியாகவே இருக்கட்டும்.

ஒரு விசயத்தில் நான் கறாராக இருக்கிறேன். பார்மிஜானோ ரெஜானோவுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெற்றால்தான். அதை மாற்ற அவர்களுடைய விதி விடாது. கோணேசர் கோயிலுக்குப் போவதற்காக விரதம் பிடித்து வரும் குடும்பங்கள் எங்கள் விடுதியில் தங்குகிறார்கள். அவர்களுக்கு மரக்கறிச் சூப் என்று சொல்லி, இந்தத் தோல் கொதித்த சூப்பைக் கொடுத்தால் அது துரோகம். தோலை எடுத்து எறிந்துவிட்டாலும் அது சைவம் ஆகாது. இதன் நெருங்கிய உறவான கிரானா படானோவில் முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் சேர்ப்பதும் உண்டு. ஆகவே விரதக்காரருக்குத் தனிப் பானை, தனி அகப்பை.

கிரூயேர், கொம்டே போன்ற மலைநாட்டுச் சீஸ்களின் தோலும் இறுகியதுதான், ஆனால் அது உப்புத்தண்ணீரால் துடைத்து வளர்த்தது, நறநறப்பும் மண் சுவையும் அதிகம். நான் சீவிவிடுவேன். மிமோலெட் என்ற செம்மஞ்சள் உருண்டையின் தோலில் பள்ளம் பள்ளமாக இருப்பது சீஸ் உண்ணிகள் தின்ற தடம். அந்த உண்ணிகளுக்காக 2013ல் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தது. தோலைச் சாப்பிட யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

பூசிய தோலுக்கு அதிகம் பேசத் தேவையில்லை, உரித்துப் போடுங்கள். எடாம் என்ற ஒல்லாந்துச் சீஸின் சிவப்பு மெழுகு எங்கள் தீவுக்குப் புதிதல்ல. கோணேசர் மலையில் இன்று பிரெட்ரிக் கோட்டை என்று நாங்கள் சொல்லும் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795ல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். மாதக்கணக்கில் கடலில் வரும் ஒல்லாந்தக் கப்பல்களில் சீஸ் ஒரு சாப்பாட்டுச் சாமான். பறங்கியர் வீடுகளில் நத்தார்க் காலையில் புரூடர் என்ற கேக்கோடு எடாம் வைத்துச் சாப்பிடுவது அந்த வழியில் வந்த பழக்கம். மெழுகு வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்றில்லை, அது செரிக்காது, சுவையும் இல்லை. வெட்ட முன்பே உரிக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். மெழுகோடு சேர்த்துக் கத்தியை இறக்கினால் துணுக்குகள் சீஸுக்குள் இழுபடும்.

கௌடாவில்தான் ஏமாறுவோம். மெழுகு மாதிரித் தெரியாத மெல்லிய மஞ்சள் பூச்சு, தொட்டால் சீஸின் தோல் போலவே இருக்கும். அது பெரும்பாலும் பிளாஸ்ரிக் பூச்சு. அதில் பங்கசு பிடிக்காமல் நற்றாமைசின் என்ற மருந்தும் சேர்ப்பதுண்டு. பொதியில் 'ஈ235' என்று போட்டிருப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி அது 5 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கக் கூடாது. அதனால் நான் பூச்சை மட்டும் உரிக்காமல், சுண்டுவிரல் தடிப்பில் பாதியளவு சீஸையும் சேர்த்தே சீவிவிடுவேன். அந்தத் தோலைச் சூப்புக்குள் போடவே கூடாது. பார்மசான் தோல் நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு கௌடாத் தோலைக் கொதிக்க வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

துணி சுற்றிய செடாரில் துணியை ஒட்டுவதற்குப் பன்றிக்கொழுப்புப் பூசுவது பழைய முறை. துணியை நீக்கினாலும் கொழுப்பு தோலில் ஊறியிருக்கும். இதையும் கேட்காமலே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்தத் தோல் என்பதைவிட, மேசையில் இருப்பவர் யார் என்பது பெரிது.

அம்மா கமம்பேரைச் சுரண்டிய அதே வாரம், அக்கா தன் பையிலிருந்து இன்னொரு சீஸ் எடுத்தார், சின்னப் பிரீத் துண்டு, நல்ல நிலையில் இருந்தது. அண்ணியும் வந்திருந்தார், அப்போது ஐந்து மாதம். அக்கா ஒரு துண்டு வெட்டி, "இந்தா, ஒண்டும் செய்யாது, அங்க எல்லாரும் சாப்பிடினம்" என்று நீட்டினார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. அவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தவர். "அப்ப தோலை வெட்டிப்போட்டுக் குடுக்கட்டே?" என்றார். அதற்கும் நான் விடவில்லை.

காரணம் லிஸ்ரீரியா. இந்தப் பற்றீரியா பிரிட்ஜ் குளிரிலும் பெருகும், அதுதான் அதன் கொடுமை. வெள்ளைத் தோல், செம்மஞ்சள் தோல் சீஸ்களில் ஈரம் அதிகம், பழுக்கப் பழுக்கப் புளிப்புப் போய்விடுகிறது, அதுவும் முதலில் தோலில். லிஸ்ரீரியாவுக்கு அது வசதியான இடம். காய்ச்சிய பாலில் செய்த சீஸிலும், செய்த பிறகு மேற்பரப்பில் அது தொற்றலாம். சுகமாக இருப்பவருக்கு ஒரு காய்ச்சலோடு போகலாம். கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம். வயோதிபருக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவருக்கும் உயிராபத்து. சாப்பிட்ட அன்றே தெரியவும் வராது, கிழமைக்கணக்கில் கழித்துத்தான் வரும். 1983 தொடக்கம் 1987 வரை சுவிற்சர்லாந்தில் வஷரான் மோன் டோர் என்ற மென்சீஸால் பரவியபோது 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் தோல் கழுவிய வகைதான். பிரான்சிலும் கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை இருக்கிறது, எல்லாரும் சாப்பிடுவதில்லை.

தோலைச் சீவினால் போதாதா? கட்டிச் சீஸில் சீவுவது உதவும். மென்சீஸில் கத்தி தோலைத் தொட்டுத்தானே உள்ளே போகிறது. ஆகவே கர்ப்பிணிக்கு இரண்டு வழிதான்: பார்மசான், செடார் மாதிரிக் கட்டிச் சீஸைத் தோல் நீக்கிக் கொடுப்பது. அல்லது மென்சீஸை நடுவரைக்கும் ஆவி பறக்கக் கொதிக்கவைத்துக் கொடுப்பது, அந்தச் சூட்டில் லிஸ்ரீரியா சாகும். அன்று நான் பிரீயை ஒரு சின்ன மண்சட்டியில் வைத்து அவணில் சூடாக்கினேன். ஓரம் மட்டும் கொதித்தால் போதாதென்று கரண்டியால் கலக்கித் திரும்ப வைத்தேன், நடுவிலும் குமிழ் வந்து வெடிக்குமட்டும். அண்ணி பாணைத் தொட்டுச் சாப்பிட்டார். அக்காவும் அதற்குள்ளேயே தொட்டுச் சாப்பிட்டார்.

எங்கள் ஊர்ச் சூட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஐரோப்பாவில் சீஸைச் சாப்பிட ஒரு மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடுக்கச் சொல்வார்கள். அங்கே அறை என்றால் 20 பாகை. இங்கே ஆடி மாதம் பத்து மணிக்கே 30 தாண்டிவிடும். கால் மணித்தியாலம் போதும், அதற்கு மேல் வைத்தால் கமம்பேர் பலகையை விட்டு நடக்கத் தொடங்கிவிடும். 2022 பங்குனி முடிவில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள்களில், விடுதியில் இருந்த மென்சீஸ் முழுவதையும் கொட்டினோம், கட்டிச் சீஸை வைத்துக்கொண்டோம். மனம் வரவில்லை, ஆனால் அதுதான் சரி.

வைக்கும்போது பிளாஸ்ரிக்கில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வளர்ந்த தோலுக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து அழுகும். எண்ணெய்க் கடதாசியில் சுற்றி மூடியுள்ள பெட்டியில் வைப்பேன். பச்சையோ கறுப்போ வேறு நிறத்தில் பொட்டு விழுந்தால், கட்டிச் சீஸில் அந்த இடத்தைச் சுற்றியும் கீழும் 2.5 சென்ரிமீற்றர் வெட்டியெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்சீஸிலோ, துருவியோ மெல்லிய இதழாக வெட்டியோ விற்பதிலோ விழுந்தால் முழுதையும் எறியவேண்டும்.

போன ஆடியில் அக்கா திரும்ப வந்தார். இந்த முறை கமம்பேரை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார், நெடி இல்லை. அண்ணியின் மகள் தவழ்ந்து திரிந்தாள். ஆப்பு வடிவில் வெட்டி, முதல் துண்டைத் தோலோடு அண்ணிக்குக் கொடுத்தேன். அம்மா ஒரு மெல்லிய துண்டை எடுத்து மூக்கருகில் பிடித்து வெகுநேரம் மணந்தார். "காளான் கறி மணம்தான்" என்று சொல்லிப் பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுப் பிரீசரில் இப்போதும் மூன்று பார்மசான் தோல் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை மறந்துபோய் எடுத்துவிடக் கூடாதென்று பையில் 'சைவம் இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.